பேச்சுக்கு ஒரு யந்திரம்

குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால், மயிலாப்பூர்ப் பாட்டிமார்கள் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்புக்குப் 'பேர் சொல்லாதது' என்று ஒரு பெயர் உண்டு. பேச வைக்கிற மருந்தின் பெயரையே வாயால் சொல்லக் கூடாது என்று வைத்த நம் முன்னோரின் வேடிக்கையை என்னவென்று சொல்வது! அந்த மருந்துக்கும் பேச்சு வராவிட்டால், "அதன் தலையெழுத்து" என்று ஒரு பெருமூச்சு. அத்துடன் விஷயம் முடிந்துவிடும். அந்தக் குழந்தைக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. பேச்சு இல்லாத இடத்தில் புத்தியும் இல்லை என்பது நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுவதுமே இருந்துவந்த தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுதிய கதையில் ஓர் அத்தியாயம் நம் அடையாற்றங்கரையில் நடந்தது.

மூளை முடக்குவாதம் என்று ஒன்று உண்டு. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ மூளையில் ஏற்படும் சேதத்தால் தசைகள் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சும் தசைகளின் காரியந்தானே! உள்ளே சொல் தயாராக இருக்கும்; நாக்கும் உதடும் கீழ்ப்படியா. இத்தகைய குழந்தைகளுக்காக 1972-ல் பம்பாயில் மிது ஆலுர் 'ஸ்பாஸ்டிக்ஸ் சொஸைட்டி ஆப் இந்தியா'வைத் தொடங்கினார். சென்னையில் அந்த வேலையை 1985-ல் ஆரம்பித்தவர் பூனம் நடராஜன் என்ற பெண்மணி. அவரே அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் தாய். கோட்டூர்புரத்தில் இருக்கும் அந்த ஸ்தாபனந்தான் பின்னால் 'வித்யா சாகர்' என்று பெயர் பெற்றது.

இத்தகைய பள்ளிகளில் பேச்சுக்குக் கருவியாக இருந்தது ஒரு பலகை. அதில் படங்கள்: தண்ணீர், சாப்பாடு, அம்மா, வலி, சந்தோஷம். குழந்தை விரலால் காட்டும். விரலும் உதவாவிட்டால் கண்ணால் காட்டும். அதுவும் சிரமமானால் ஆசிரியை ஒவ்வொரு படமாகத் தொட்டுக்கொண்டே போவாள். வேண்டிய படம் வந்ததும் குழந்தை தலையை அசைக்கும்.

பலகைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சார்லஸ் ப்ளிஸ் என்ற யூதர், ஹிட்லரின் சிறை முகாம்களிலிருந்து விடுதலையாகி ஷாங்காய்க்கு வந்து சேர்ந்தார். அங்கே சீனச் சித்திர எழுத்துக்களைக் கண்டு, எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவான ஒரு படமொழியை உண்டாக்கினார். அதைப் பற்றிய புத்தகத்தை ஆஸ்திரேலியாவில் 1949-ல் வெளியிட்டார். உலக சமாதானத்துக்காக அவர் செய்த மொழியை உலகம் சட்டை செய்யவில்லை. ஆனால் 1971-ல் கனடாவின் டொரான்டோ நகரில், பேச முடியாத குழந்தைகளின் ஆசிரியர்கள் அதைத் தேடி எடுத்தார்கள். ராஜதந்திரிகளுக்குத் தேவைப்படாத மொழி குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

பலகையிலே ஒரு குறை. அது சத்தம் போடாது. குழந்தை கூப்பிட வேண்டுமென்றால் யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தக் குறையைத் தீர்த்தது கம்ப்யூட்டர். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 1985-ல் தொண்டையில் நடந்த சிகிச்சையால் இருந்த கொஞ்சக் குரலையும் இழந்தார். வால்ட் வோல்டாஸ் என்பவர், இதேபோல நோயுற்ற தம் மாமியாருக்காக எழுதிய கம்ப்யூட்டர் நிரல் அவருக்குக் கிடைத்தது. ஹாக்கிங்கின் குரலாக உலகம் கேட்டது, டென்னிஸ் கிளாட் என்ற விஞ்ஞானியின் குரலை ஆதாரமாகக் கொண்டு செய்யப்பட்ட யந்திரக் குரல்.

ஆனால் மேல்நாட்டுப் பேசும் கருவிகளின் விலை லட்சக்கணக்கில், பேச்சோ இங்கிலீஷ். கோட்டூர்புரத்துக்கு அடுத்தாற்போலுள்ள ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய அஜித் நாராயணன், வித்யா சாகர் ஆசிரியர்களோடும் குழந்தைகளோடும் பழகி, 2010-ல் 'ஆவாஸ்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். ஆவாஸ் என்றால் ஹிந்தியில் குரல். படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். குழந்தை தன்னால் முடிந்த ஓர் அசைவால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கருவி அதை உரக்கச் சொல்லும். பிற்பாடு கைக்கடக்கமான டாப்லெட்டுகள் பெருகவே, தனிப்பெட்டி வேண்டாமல் அது ஒரு செயலியாயிற்று.

தமிழென்று வந்தால் சிக்கல் வேறு. 'நான்', 'தண்ணீர்', 'வேண்டும்' என்று மூன்று படங்களை வரிசையாக வைத்தால் தமிழாகுமா? 'நான்' என்பது 'எனக்கு' என்று மாற வேண்டும். 'வா' என்ற ஒரு படத்தைத் தம்பியிடம் ஒருவிதமாகவும் தாத்தாவிடம் 'வாருங்கள்' என்றும் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பேச்சை மட்டும் கொடுத்து மரியாதையைக் கொடுக்காத யந்திரத்தை எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? எழுத்தைத் தமிழ் முதலிய இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்களுக்காக, ஐ.ஐ.டி. பேராசிரியை ஹேமா மூர்த்தி முதலியோர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

வைத்தியத்தில் கம்ப்யூட்டர் என்றதும் நமக்கு நினைவு வருவது நோயைக் கண்டுபிடிக்கும் யந்திரந்தான். அதுவும் இங்கே நடந்திருக்கிறது. கோபாலபுரத்தில் டாக்டர் மோகனின் நீரிழிவு மருத்துவமனையில், செல்போனில் எடுத்த விழித்திரைப் படங்களைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 300 பேரைப் பரிசோதித்ததில், பார்வைக்கே ஆபத்தான நிலையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 99 பேரை அது சரியாகக் காட்டியது. மகத்தான காரியம், பல கண்களைக் காப்பாற்றும். ஆனால் அங்கே நோயாளி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அவனைப் பற்றி யந்திரம் சொல்லிவிடும். கோட்டூர்புரத்துக் குழந்தை சும்மா இருக்க முடியாது. ஒரு வாக்கியத்துக்கு அது நெற்றி வேர்க்கப் பாடுபட வேண்டும்.

நாமோ அவசரக்காரர்கள். குழந்தை முதல் படத்தைத் தொட்டவுடனேயே, "தண்ணீர்தானே? இதோ!" என்று டம்ளரை நீட்டிவிடுகிறோம். "தண்ணீர் கொட்டிவிட்டது" என்று சொல்ல வந்ததோ, "தண்ணீர் வேண்டாம்" என்று சொல்ல வந்ததோ, யார் கண்டார்கள்? யந்திரத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகிறது. அது பேசி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து காத்திருக்கும் பொறுமையை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அதை வீட்டிலேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும்.