வேறுபடு, ஆனால் உள்ளே வேறுபடாதே: அமெரிக்கக் கல்லூரி மைதானத்தின் சட்டை விதி

ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் பற்றிப் பேசவந்த ஃபூக்கோ சிறை, பட்டாளம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று வரிசைப்படுத்தினார். அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டு மைதானத்தையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். உடம்பின் அசைவுகளோடு அதன்மேல் கிடக்கும் துணியின் நிறத்தையும் அங்கே விதிப்புத்தகம் தீர்மானிக்கிறது.

ஃபுட்பால் என்று அவர்கள் சொல்வது நம்ம ஊர்க் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி மோதும் ஆட்டம். இருபத்திரண்டு பேர் மோதிக் குவியும்போது யார் எந்தப் பக்கம் என்று நடுவருக்குத் தெரிய வேண்டும். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். எனவே இரு அணிகளின் சட்டையும் துலக்கமாக வேறுபட வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் 'வேறுபட வேண்டும்' என்று சொன்ன மாத்திரத்தில், யார் மாறிக்கொள்வது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

1983இல் என்சிஏஏ (தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) இதற்கு ஒரு பதில் வைத்தது. உள்ளூர் அணிக்கு அதன் நிறம். வந்த அணிக்கு வெள்ளை. அதே சங்கம் கூடைப்பந்தில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது: உள்ளூர் அணி வெளிர் நிறம், வந்த அணி அடர் நிறம். ஆக, இந்தப் பங்கீட்டில் இயற்கையானது எதுவும் இல்லை. வழக்கம் விதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1958இல் தேசிய சாம்பியனான காலத்திலிருந்தே சொந்த மைதானத்தில் வெள்ளை போட்ட அணி. புதிய விதி அதை ஊதாவுக்குத் தள்ளியது. 1995இல் பயிற்சியாளர் ஜெரி டினார்டோ முறையிட்டு வெள்ளையை மீட்டார், வருகிற அணி சம்மதித்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு. அடுத்த ஆண்டே வாண்டர்பில்ட் சம்மதிக்க மறுத்தது. டினார்டோ முன்பு அங்கே பயிற்சியாளராக இருந்து விலகியவர். அன்று லூசியானா அணி தங்க நிறச் சட்டையில் இறங்கியது.

தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் யுசிஎல்ஏவும் ஒரே மைதானத்தைப் பகிர்ந்திருந்த காலத்தில், அதாவது 1982இல் யுசிஎல்ஏ ரோஸ் பௌலுக்குக் குடிபோகும்வரை, இரண்டுமே தத்தம் நிறத்தில் மோதின. அந்தப் பழைய வழக்கத்தை மீட்க 2008இல் தெற்குக் கலிஃபோர்னியா அணி சிவப்போடு போய் நின்றது. தண்டனை: ஒரு டைம்-அவுட் பறிபோயிற்று. யுசிஎல்ஏவும் தன்னுடைய ஒன்றை விட்டுக்கொடுத்துச் சமன் செய்தது. 2009இல் விதியே இளகியது. நிறங்கள் துலக்கமாக வேறுபட்டு, எழுத்துப்பூர்வமான சம்மதமும் இருந்தால் இருவரும் நிறம் போடலாம்.

பாய்சி மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. 1986 முதல் அதன் மைதானத் தரையே நீலம். 2011இல் மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பில் சேர்ந்தபோது, அங்கே முழு நீல உடையில் கூட்டமைப்பு ஆட்டங்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டார்கள். தரையோடு கலந்துபோவது நியாயமற்ற சாதகமாம். பாய்சி வேறு கூட்டமைப்புக்குப் போகப் பார்த்தபோது, அதைத் தக்கவைத்துக்கொள்ளும் பேரத்தில் தடை கரைந்தது. கண்ணுக்குத் துலக்கம் என்ற நியாயம் எவ்வளவு தூரம் வளையும் என்பதற்கு இது போதும்.

சும்மா சட்டை விஷயம்தானே என்று கேட்கலாம். 1969க்குப் போவோம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை நடத்தும் மார்மன் சபை அன்று கறுப்பர்களுக்குக் குருத்துவம் மறுத்துவந்தது. அந்த அணியோடு மோதவிருந்த வயோமிங் பல்கலைக்கழக அணியின் கறுப்பு ஆட்டக்காரர்கள் 14 பேர், எதிர்ப்பாகக் கறுப்புப் பட்டை அணிவது பற்றிப் பேச, அக்டோபர் 17 அன்று கையில் பட்டையோடு பயிற்சியாளர் லாய்ட் ஈட்டனிடம் போனார்கள். அவர் 14 பேரையும் அணியிலிருந்தே நீக்கினார். மறுநாள் வயோமிங் 40-7 என்று ஜெயித்தது. வழக்குப் போட்டார்கள், 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. சபை தன் தடையை 1978இல் நீக்கியது. பல்கலைக்கழகம் முறையாக மன்னிப்புக் கேட்டது 2019இல்.

இரண்டு தண்டனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அணி முழுவதும் சேர்ந்து விதியை மீறிச் சிவப்பு போட்டால் ஒரு டைம்-அவுட். 14 பேர் கையில் ஒரு முழத் துணி கட்டினால், மைதானத்துக்குள் கால் வைக்கும் முன்பே வெளியேற்றம். நிறுவனம் பேசும் 'வேறுபாடு' அணிக்கும் அணிக்கும் இடையில் மட்டும் அனுமதிக்கப்பட்டது. அதற்கு மறுபக்கமாக அணிக்குள் முழுமையான ஒருமை தேவைப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் நிறத்தைச் சுமக்கிற உடம்பு, தன் நிறத்தைப் பற்றிப் பேசக் கூடாது. கறுப்பு ஆட்டக்காரரின் வேகமும் தோளும் வயோமிங்குக்கு வேண்டியிருந்தன; அவருடைய கறுப்பு வேண்டியிருக்கவில்லை. சீருடை என்ற ஏற்பாட்டை இனி வாசிக்கும்போது, அது எந்த வேறுபாட்டைக் காட்டுகிறது என்பதோடு எதை மூடி வைக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.