டெல்டாவின் அடியில் மேடும் பள்ளமும்

கும்பகோணத்திலிருந்து காரைக்காலுக்கு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், வழியில் ஒரு சின்னக் குன்றுகூடக் கிடையாது. வயல், வாய்க்கால், தென்னை, கோயில் கோபுரம், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சமதரைக்குக் கீழே, மிக ஆழத்தில், மலைத்தொடர் போன்ற மேடுகளும் நடுநடுவே பெரும் பள்ளங்களும் புதைந்து கிடக்கின்றன. சில பள்ளங்களில் மண்ணும் பாறையும் பல கிலோமீட்டர் கனத்துக்கு நிரம்பியுள்ளன.

இது எப்படித் தெரிந்தது? அரியலூர்ப் பக்கம் பழைய பாறைகள் வெளியே தெரிகின்றன. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் அவற்றை ஆராய்ந்து 1862இல் வெளியிட்டார். அங்கே கடல் சிப்பிகள் கிடைத்ததால், ஒரு காலத்தில் கடல் அதுவரை வந்திருந்தது புரிந்தது. கிழக்கே போகப் போக அந்தப் பாறைகள் காவிரி வண்டலுக்குள் மறைந்துவிடுகின்றன.

1950களின் இறுதியில் ஓ.என்.ஜி.சி. ஆய்வைத் தொடங்கியது. முதலில் ஈர்ப்பு விசை அளவீடு. கெட்டியான கருங்கல் மேலே ஏறி நிற்கும் இடத்தில் ஈர்ப்பு இம்மியளவு கூடும்; லேசான மணலும் களிமண்ணும் நிரம்பிய இடத்தில் குறையும். வரைபடத்தில் குறித்தபோது மேடும் பள்ளமும் வடகிழக்கு–தென்மேற்காக வரிவரியாக வந்தன. கும்பகோணம்–மாதானம் மேடு, தரங்கம்பாடிப் பள்ளம், காரைக்கால் மேடு, நாகப்பட்டினப் பள்ளம் என்று அவற்றுக்கு நம் ஊர்ப் பெயர்களே உண்டு. (போர் போடுமுன் கம்பி நட்டு மின்சாரம் செலுத்திப் பார்க்கிறார்களே, அதுவும் இந்த வகைச் சோதனைதான்.)

பேங்க் பாஷையில் சொன்னால், ஈர்ப்பு அளவு பேலன்ஸை மட்டும் காட்டும். எப்போது எவ்வளவு வரவு என்று அறிய பாஸ்புக் வேண்டும். அந்த பாஸ்புக்தான் நில அதிர்வு ஆய்வு. தரையில் குழியிட்டுச் சிறிய வெடி வைப்பார்கள். ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுத் திரும்பும் அதிர்வை, வரிசையாக நட்ட ஜியோபோன்கள் பதிவு செய்யும். எதிரொலி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள்.

அதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அடியிலுள்ள அடுக்குகள் நிலம் உடைந்த விளிம்பை நோக்கித் தடித்துக்கொண்டே போகின்றன. அதாவது, தரை இறங்கிக்கொண்டிருந்தபோதே மண் வந்து சேர்ந்திருக்கிறது. மேலடுக்குகளோ மேடு பள்ளம் பார்க்காமல் எல்லாவற்றையும் மூடிப் பரவியிருக்கின்றன. அதற்குள் பிளவு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இந்தியா, இலங்கை, அண்டார்டிகா மூன்றும் ஒட்டியிருந்தவை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இழுபட்டுப் பிளக்க ஆரம்பித்தன. அண்டார்டிகா பிரிந்து போய்விட்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே விழுந்த பிளவு மட்டும் பாதியில் நின்றுபோனது. இலங்கை இன்றும் நமக்குப் பக்கத்தில் இருப்பது அதனால்தான்.

1964இல் காரைக்காலில் முதல் ஆழ்கிணறு தோண்டினார்கள். வணிக அளவில் எண்ணெய் கிடைக்கவில்லை. பள்ளத்தில் உருவாகும் எண்ணெய் எந்த வழியாக ஏறி எங்கே தங்கும் என்பதை ஒரு மேட்டை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பக்கத்திலேயே உள்ள நரிமணத்தில் எண்ணெய் கிடைக்க 1985 ஆயிற்று. 1993இல் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தமிழக அரசு சட்டத்தால் தடை போட்டது. என் ஓட்டு அந்தச் சட்டத்துக்குத்தான்; மூன்று போகம் விளைந்த மண் அது. ஆனால் தடை புதியவற்றுக்கு மட்டுமே. ஏற்கெனவே நடப்பவற்றை அதே சட்டம் தொடர அனுமதிக்கிறது.