முதல் காட்சியிலேயே பிணம்

மர்மப் படத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போகிறவர் பாவம். செத்தது யார் என்றே தெரியாமல், கொன்றது யார் என்று யோசித்துக்கொண்டிருப்பார். பிணத்தை முன்னால் போட்டுவிட்டுக் கதையைப் பின்னால் சொல்லும் இந்த வித்தை சினிமாவுக்கு முந்தியது. சிலப்பதிகாரப் பதிகத்தில், ஒரு முலை இழந்த பெண்ணை வேங்கை மரத்தடியில் கண்டதாகக் குன்றக் குறவர் வந்து சொல்கிறார்கள். கோவலன் கொலையுண்டதைச் சாத்தனார் அங்கேயே விளக்கிவிடுகிறார். கல்யாணமே அதற்குப் பிறகுதான் வருகிறது! பதிகம் பிற்காலச் சேர்க்கை என்போர் உண்டு. அப்படியானால் சேர்த்தவர் கைதேர்ந்த எடிட்டர்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரக் கூத்தில் வழி வேறு. கட்டியங்காரன் பேசி முடித்ததும், பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்றபடி வேஷக்காரர் பாடுவார். குரல் வரும், முகம் வராது.

1903இல் எட்வின் போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'யில் கொள்ளைக்காரன் ஒருவன் பார்வையாளரை நோக்கியே சுடுவான். அந்த ஷாட்டைத் தொடக்கத்திலோ முடிவிலோ, விருப்பப்படி ஓட்டிக்கொள்ளுங்கள் என்று எடிசன் கம்பெனியின் பட்டியல் கொட்டகைக்காரர்களிடமே விட்டுவிட்டது.

வீணை வித்வான் எஸ். பாலசந்தருக்கு அப்படிக் குழப்பமில்லை. அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' (1950) படத்தைத் திரைப்பட விழா ஒன்றில் பார்த்தவர், அந்தப் பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். வானொலி மறுத்தது. நல்லவேளை! ஏவி. மெய்யப்பன் அதைப் படமாக்க, 1954இல் 'அந்த நாள்' வந்தது. துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சுருண்டு விழுகிறார். கதாநாயகன் காலி. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கும் கதை. துப்பறியும் சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன்தான் எழுத்தும். எல்லாரும் 'ரஷோமான்' என்பார்கள். எனக்கென்னவோ, கொலையுண்டவளைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் பிரிட்டிஷ் படமான 'தி வுமன் இன் குவெஸ்சன்' (1950)தான் இன்னும் நெருங்கிய சொந்தம். பத்திரிகைகள் பாராட்டின, வசூல் வரவில்லை. சிவாஜியைப் பார்க்கக் காசு கொடுத்தவர்களை முதல் காட்சியிலேயே இழவு வீட்டில் உட்காரவைத்தால் வேறென்ன ஆகும்?

பத்தாண்டு கழித்து அதே பாலசந்தர் 'பொம்மை'யில் தலைகீழாகச் செய்தார்: படத்தில் உழைத்தவர்களையெல்லாம் முடிவில் திரையிலேயே அறிமுகப்படுத்தினார்.

அந்த 1964இல்தான் ராஜ் கோஸ்லாவின் இந்திப் படம் 'வோ கோன் தீ' வந்தது. மழை இரவு, கார், வழியில் வெள்ளைச் சேலைப் பெண். அவள் ஏறியதும் வைப்பர் நின்றுவிடுகிறது. 1860 வாக்கில் வில்கி காலின்ஸ் தன் நாவலில் இரவுச் சாலையில் நடக்கவிட்ட வெள்ளுடைப் பெண்ணுக்கு இவள் தங்கை முறை. 1966இல் தமிழில் 'யார் நீ', தெலுங்கில் 'ஆமெ எவரு'. இரண்டிலும் ஜெயலலிதாதான். அன்றிலிருந்து, திரையில் ஒரு கார் ராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினாலே, புதுப்பட்டினம் தாண்டுவதற்குள் யாராவது கைகாட்டி நிறுத்துவார்கள் என்று முறுக்கைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.