ஒட்டுத்துணியும் வரலாறும்: ஒரு நோக்கு

தையலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் துன்னம் என்பதாகும். புகார் நகரத்துத் துன்னகாரரைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. பொருநராற்றுப்படையில், வேற்று நூல் நுழைத்துத் தைக்கப்பட்ட பொருநனின் பழந்துணியைக் கரிகாலன் நீக்கி நுண்ணிய புத்தாடை நல்குகிறான். அங்கு ஒட்டுத்தையல் வறுமையின் அடையாளம்; களையத்தக்கது. அதனைத் தைத்தவர் யார் என்பதைப் பாட்டு கூறவில்லை.

இதற்கு மாறான மரபொன்று கருநாடகத்தில் உண்டு. பெங்களூருவின் வடமேற்கே, வடகன்னட மாவட்டக் காட்டுப்பகுதிகளில் வாழும் சித்தி இனத்தார் ஆப்பிரிக்க வழியினர் ஆவர். போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுத் தப்பியோடியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்களுள் பலர். 2003இல் இவர்கள் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பெற்றனர்.

இம்மகளிர் பழைய பருத்திப் புடவையை அடித்துணியாக விரித்து, நைந்த ஆடைகளின் துண்டுகளை அதன்மேல் ஒட்டுவைத்துத் தைக்கும் போர்வை ‘கவந்தி’ எனப்படும். ஓட்டுத்தையல் விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் செல்லும். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துண்டுகளை வைத்துத் தைப்பர். அவற்றுக்குப் ‘பூ’ என்றே பெயர். பூவின்றிக் கவந்தி நிறைவு பெறாது.

குளிர்காக்க இத்துண்டு தேவையில்லை. தேவைக்கு மேற்பட்டதைச் சேர்க்கும் அக்கணத்திலேயே கந்தை கலையாகிறது. மேலும், இம்மக்களைப் பற்றிய பழைய ஆவணங்கள் பெரிதும் அவர்களை ஆண்டோர் எழுதியவை. கவந்தியோ அவர்களே படைத்தது.

அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் ஹென்றி ட்ரூவலின் ஆய்வுகளுக்குப் பின்னர் இப்போர்வைகள் அயல்நாட்டுக் காட்சிக்கூடங்களையும் எட்டின. அங்குப் போர்வையுடன் தைத்தவர் பெயரும் இடம்பெறுதல் வேண்டும். பொருநனின் ஆடையைத் துன்னிய கைக்கு வாய்க்காத நீதி அதுவேயாகும்.