பட்டறை மேசையின் பெரும் புறாவால் இணைப்பு

தச்சர் நின்று வேலை செய்யும் கனத்த மேசையில், மேற்பலகையின் முன்விளிம்பு நெடுக ஓடும் முன்சட்டத்தையும், பலகையின் முனையைக் குறுக்கே மூடும் முனைச்சட்டத்தையும் மூலையில் பூட்ட வெட்டப்படுவது பெரும் புறாவால் இணைப்பு. ஒரு சட்டத்தின் முனையில், நுனி அகன்று அடி குறுகிய வால்கள் இருக்கும். மற்றச் சட்டத்தின் முளைகள் அவற்றின் இடைவெளிகளில் உட்காரும். மேசை டிராயரில் இதே இணைப்பைப் பத்துப் பதினைந்து மி.மீ. கனப் பலகையில் வெட்டுகிறோம். பட்டறை மேசையிலோ சட்டங்களின் கனம் 45 மி.மீ. முதல் 75 மி.மீ. வரை இருக்கும். வடிவம் ஒன்றுதான். ஆனால் மரம் கனக்கக் கனக்க, எதை முதலில் வெட்டுவது, எப்படிப் பிடித்து நிறுத்துவது, எந்த ரம்பத்தை எடுப்பது என்பதெல்லாம் மாறிவிடுகிறது. டிராயர் வேலையில் கை தேர்ந்தவர்கூட இங்கே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

புறாவால் இணைப்பு மிகப் பழையது. பண்டைய எகிப்தின் மரச்சாமான்களிலேயே அது உண்டு. பட்டறை மேசைக்குள் அது வந்த விதத்தைத் தெளிவாகக் காட்டும் ஆவணம் பாரிஸ் நகரத் தச்சர் ஆந்த்ரே ழாக்கப் ரூபோ (1739–1791) எழுதிய பெருநூல். 1769 முதல் பல பகுதிகளாக வெளிவந்த அந்த நூலில் அவர் வரைந்து விளக்கிய மேசையின் மேற்பலகை ஐந்தாறு அங்குலக் கனமுள்ள ஒற்றை மரம். அதில் காலின் தலை இரண்டாகப் பிரிகிறது. பின்பாதி சதுர நாக்காகத் துளைக்குள் ஏறி மேலே வந்து நிற்கும். முன்பாதி புறாவால் வடிவ நாக்காகப் பலகையின் முன்விளிம்பில் திறந்த பள்ளத்தில் ஏறும். காலின் முகமும் பலகையின் முகமும் ஒரே மட்டத்தில் வந்துவிடுவதால், நீண்ட கதவுச் சட்டத்தைக்கூட மேசை முகத்தோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இழைக்கலாம். மூலையில் வரும் புறாவால் வேறொரு மரபைச் சேர்ந்தது. முனைச்சட்டமும் முனையில் வைஸும் (மரத்தை இறுகப் பிடிக்கும் திருகுப்பிடி) கொண்ட ஜெர்மானிய, ஸ்காண்டிநேவிய மேசைகளின் வழி வந்தது அது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் மரவேலை கற்பித்த டாகே ஃபிரிட், ஹங்கேரியில் பிறந்து அங்கே குடியேறிய ஃபிராங்க் கிளாவுஸ் ஆகியோர் அந்த மரபை அமெரிக்க வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார்கள். 2007-இல் கிறிஸ்டஃபர் ஷ்வார்ஸ் மேசைகளைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு ரூபோ மேசைக்கு மீண்டும் ஆதரவு பெருகியது. ரூபோவின் கால்களும் வடக்கத்திய மூலைப் புறாவாலும் சேர்ந்த கலப்பு மேசைகளை இன்று நிறையப் பார்க்கலாம்.

விசை எங்கே செல்கிறது

இந்த இணைப்பை அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. வைஸின் திருகு எந்தத் திசையில் தள்ளுகிறது என்று பார்த்தால் அதன் அவசியம் புரியும். வேகன் வைஸில், மேற்பலகையின் நீண்ட பள்ளத்துக்குள் ஒரு கட்டை ஓடுகிறது. அதைத் தள்ளும் திருகின் நட்டு முனைச்சட்டத்தில் பதிந்திருக்கிறது. இழைக்க வேண்டிய பலகையைத் திருகு எவ்வளவு இறுக்குகிறதோ அவ்வளவு விசை முனைச்சட்டத்தை மேசையிலிருந்து வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு இறுக்கத்திலும், ஆண்டுக்கணக்கில், அதே திசையில் அதே தள்ளல்.

வால்கள் முன்சட்டத்தில் இருந்தால், அகன்ற நுனிகள் முளைகளைப் பிடித்துக்கொள்ளும். முனைச்சட்டம் வெளியே நகர வழியே இல்லை; பசை முற்றிலும் விட்டுப்போனாலும் மரத்தின் வடிவமே அதை நிறுத்தும். வால்களை முனைச்சட்டத்தில் வெட்டி, முளைகளை முன்சட்டத்தில் வைத்தால் எல்லாம் தலைகீழ். அப்போது திருகின் தள்ளல் இணைப்பு கழலும் திசையிலேயே விழும். பசையும் போல்ட்டும்தான் தாங்கவேண்டும். மேசையின் முகத்திலிருந்து பார்க்கும்போது வால் வடிவம் தெரிய வேண்டும் என்ற பழக்கத்துக்கு இதுதான் காரணம். போல்ட்டுகளை மட்டும் நம்பிக் கட்டிய நல்ல மேசைகளும் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் போல்ட் முனைச்சட்டத்தைப் பலகையோடு பிணைக்கிறது. முன்மூலை திறவாமல் காப்பது புறாவால்தான்.

அளவும் சாய்வும்

100 மி.மீ. உயரமுள்ள முன்சட்டத்துக்கு இரண்டு வால்கள் போதும். அவற்றுக்கு நடுவில் ஒரு முழு முளையும், மேலும் கீழும் ஒவ்வோர் அரைமுளையும் அமையும். நிறைய மெல்லிய வால்கள் டிராயருக்கு அழகு. இங்கே அவை வேலையைக் கூட்டுமே தவிர, பலத்தைப் பெரிதாகக் கூட்டாது.

சாய்வுக்கு மென்மரத்தில் 6-க்கு 1, வன்மரத்தில் 8-க்கு 1 என்ற பழைய கணக்கு இங்கும் செல்லும். 8-க்கு 1 என்று வைத்தால் 70 மி.மீ. நீள வால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 9 மி.மீ. அகலும், பூட்டுக்கு அது தாராளம். சாய்வைக் கூட்டிக்கொண்டே போனால் வாலின் கூர்மூலையில் மரநார் குட்டையாகிவிடும். அடித்து இறக்கும்போது அந்த மூலைதான் முதலில் தெறிக்கும்.

மேல் அரைமுளைக்குத் தனிக் கவனம் தேவை. பட்டறை மேசையை அவ்வப்போது இழைத்து மட்டப்படுத்தியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த அரைமுளை கொஞ்சம் மெலியும். அழகுக்காக அதை எட்டுப் பத்து மி.மீ. என்று வைத்தவரின் மேசையில் சில ஆண்டுகளில் அது செதிலாகப் பெயர்ந்துவிடும். அடியில் 15 மி.மீட்டருக்குக் குறையாமல் வைப்பதே முறை. திருகுக்கான துளையும் போல்ட் துளைகளும் எங்கே வரும் என்பதைக் கோடு போடும் முன்பே தாளில் முழு அளவில் வரைந்து பார்த்துக்கொள்ள வேண்டும். முளையின் வேரில் போல்ட் துளை வந்து விழுந்தால் அதற்கு மருந்து இல்லை.

முளையா, வாலா, எது முதலில்?

டிராயர் வேலையில் இது பழக்கத்தைப் பொறுத்தது. இரண்டு கட்சியிலும் நல்ல தச்சர்கள் உண்டு. பட்டறை மேசையில் முளையை முதலில் வெட்டுவதே மேல். வாலை முதலில் வெட்டினால், முனைச்சட்டத்தை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, இரண்டு மீட்டர் நீள முன்சட்டத்தை அதன் தலையில் படுக்க வைத்து, மறுமுனைக்கு அதே உயரத்தில் முட்டுக்கொடுத்துக் கோடு மாற்றவேண்டும். மறுமுனை இரண்டு மி.மீ. தாழ்ந்தாலும் சட்டம் முளைமுகத்தில் சரியாகப் படியாது. முளையை முதலில் வெட்டிவிட்டால் வேலை எளிது. முன்சட்டத்தை உள்முகம் மேலாகத் தரையில் படுக்க வைத்து, முனைச்சட்டத்தை அதன்மேல், வாலின் அடியைக் குறிக்கும் அடிக்கோட்டுக்கு நேராக நிறுத்தி, கத்தியால் முளையைச் சுற்றிக் கீறினால் போதும். சட்டத்தின் பாரமே அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு சதுரக் கட்டையோடு கிளாம்ப் போட்டால் இன்னும் நல்லது. மேலே சொன்ன கிளாவுஸும் முளையை முதலில் வெட்டும் கட்சிதான்.

வெட்டுதல்

சட்டத்தின் முனை மூலைமட்டத்துக்குச் சரியாக இருப்பதே எல்லாவற்றுக்கும் முதல் நிபந்தனை. அடிக்கோட்டை மார்க்கிங் கேஜால் நாலாபுறமும் இழுத்து, அதன் இரு முனைகளும் சந்திக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். சந்திக்காவிட்டால் மரம் சதுரமில்லை. அதைச் சரிசெய்யாமல் ரம்பத்தை எடுக்கக்கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? ரம்பம் அரை பாகை சாய்ந்தால், 18 மி.மீ. கன டிராயர் பலகையில் வரும் பிழை 0.16 மி.மீ.; பசையும் மரத்தின் நெகிழ்வும் அதை விழுங்கிவிடும். அதே அரை பாகை 75 மி.மீ. ஆழ வெட்டில் 0.65 மி.மீ. ஆகிறது. அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியும்.

டிராயருக்கான சிறிய புறாவால் ரம்பம் இதற்கு உதவாது. அதன் முதுகுப்பட்டைக்குக் கீழே அலகு நாற்பது ஐம்பது மி.மீ. தான் இருக்கும், பட்டை மரத்தில் முட்டிக்கொள்ளும். முளைகளுக்கு நார்வாக்கில் அறுக்கும் பல் வைத்த பெரிய டெனான் ரம்பம் வேண்டும். முனைச்சட்டம் குட்டை என்பதால் அதை வைஸில் நிமிர்த்தி, நேர்க்கீழாக அறுக்கலாம். நீண்ட முன்சட்டத்தை நிமிர்த்த முடியாது, நிமிர்த்தத் தேவையும் இல்லை. அதைக் குதிரைக்கட்டைகளின்மேல் முகம் படுக்க வைத்து முனையை வெளியே நீட்டினால், வாலின் வெட்டு சாதாரண நீள அறுப்பாக மாறிவிடுகிறது. ரம்பத்தை முகத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து, முனையிலிருந்து அடிக்கோடு வரை, சாய்கோட்டைத் தொட்டபடி கழிவுப் பக்கத்தில் அறுக்கவேண்டும். பாதியில் சட்டத்தைப் புரட்டி மறுமுகத்திலும் கோட்டைப் பார்த்து அறுத்தால், கண் காணாத பக்கத்தில் ரம்பம் வழிதவறாது. இதற்கு முதுகுப்பட்டை இல்லாத கைரம்பமே வசதி.

கழிவை முழுக்க உளியால் கொத்தி எடுப்பது பீச், மேப்பிள் போன்ற வன்மரத்தில் வீண் உழைப்பு. அடிக்கோட்டுக்குச் சற்று முன்பாகத் துளை போட்டு, வில் ரம்பத்தால் குறுக்கே அறுத்துக் கழிவை ஒரே கட்டையாக எடுத்துவிட்டு, மிஞ்சும் இரண்டு மூன்று மி.மீட்டரை மட்டும் அகன்ற உளியால் செதுக்கவேண்டும். இரு முகங்களிலிருந்தும் நடுவை நோக்கிச் செதுக்குவதால் மறுபக்கம் நார் பிய்ந்து வராது. நடுப்பகுதி இம்மியளவு பள்ளமாக இருக்கலாம். அங்கே வெட்டுமுகத்தில் பசை எப்படியும் அதிகம் பிடிக்காது. மேடாக மட்டும் இருக்கக்கூடாது; மேடிருந்தால் இணைப்பு முழுதாகச் சேராது.

இணைப்பு இறுக்கமாக இருந்தால் திருத்தவேண்டியது இரண்டாவதாக வெட்டிய துண்டை மட்டுமே. முளையை வைத்துத்தான் வாலைக் கோடிட்டோம். முளையையும் சீவத் தொடங்கினால் அளவுக்கு ஆதாரமே இல்லாமல் போகும். முளைப் பக்கங்களில் பென்சில் கரியைப் பூசிப் பாதிவரை இறக்கிப் பார்த்தால், வாலில் கரி ஒட்டிய இடம் உயர்ந்த இடம். அதை மட்டும் சீவவேண்டும். முழுவதுமாக இறக்கிப் பார்க்கும் முயற்சி ஒன்றிரண்டோடு நிற்கட்டும். ஒவ்வொரு முறை அடித்து இறக்கும்போதும் நார் நசுங்கி, இணைப்பு தளர்ந்துகொண்டே போகும்.

சேர்த்தல்

மரம் சுருங்கி விரிவதில் மூலைக்குள் பகை இல்லை. முன்சட்டமும் முனைச்சட்டமும் உயரவாக்கில் சேர்ந்தே சுருங்கி, சேர்ந்தே விரியும். பகை இருப்பது முனைச்சட்டத்துக்கும் மேற்பலகைக்கும் இடையில். மேற்பலகை அகலவாக்கில் பருவத்துக்குப் பருவம் பல மி.மீ. மாறும், அதற்குக் குறுக்கே கிடக்கும் முனைச்சட்டத்தின் நீளம் மாறுவதே இல்லை எனலாம். முழு நீளத்துக்கும் பசை போட்டால் பலகை வெடித்தே தீரும். அதனால் புறாவாலிலும் முன்புறத்தில் ஒரு சாண் அளவிலும் மட்டும் பசை போடுவார்கள். மீதியைப் போல்ட்டுகள் பிடிக்கும். முன்னால் உள்ள போல்ட்டுக்கு இறுக்கமான துளை, பின்னால் உள்ளவற்றுக்கு நீள்துளை. பலகையின் அசைவு முழுவதும் பின்புறமாகவே போய்விடும், முன்மூலை அசையாது.

சட்டங்களைக் கூட்டும் வரிசைதான் புதியவர்களை மிகவும் குழப்புவது. முன்சட்டத்தைப் பலகையோடு ஒட்டியபின் முனைச்சட்டத்தை வெளியிலிருந்து நேராகச் செருக முடியாது; அந்த வழியைத்தான் வால்கள் அடைத்து நிற்கின்றன. மேசையின் பின்புறத்திலிருந்து பலகை முனையை ஒட்டியபடியே முன்னோக்கி நகர்த்திக் கொண்டுவந்தால் முளைகள் வாலிடைவெளிகளில் நுழையும். இரு முனைகளிலும் புறாவால் வைப்பவர் முன்சட்டத்தின் இரண்டு அடிக்கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை மேற்பலகையின் நீளத்தோடு மிகச் சரியாகப் பொருத்தவேண்டும். பலகை நீண்டால் முனைச்சட்டம் நுழையாது. குறைந்தால் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விழும். பலகையை அரை மி.மீ. நீளமாகவே விட்டுவைத்து, வெட்டுமுகத்தை இழைப்புளியால் சீவிச் சீவிப் பொருத்திப் பார்ப்பது பத்திரமான வழி.

சீக்கிரம் காயும் பசை இந்த வேலைக்கு ஆகாது. திரவ வச்சிரமோ மெதுவாக இறுகும் வெள்ளைப் பசையோ எடுத்து, இரு பக்கமும் மெல்லப் பூசி, நேரம் கடத்தாமல் ஒரே மூச்சில் இறக்கவேண்டும். வெள்ளைப் பசையின் ஈரத்தில் மரம் ஊதும். பாதி வழியில் நிறுத்தினால் மீண்டும் நகராது. சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டை வைத்து அடித்து, கடைசி மி.மீட்டரைக் கிளாம்பால் இழுத்துக்கொள்வது வழக்கம். காய்ந்தபின் எங்காவது மெல்லிய இடைவெளி தெரிந்தால், அதே மரத்தில் ஒரு சீவலை ஆப்பாகச் சீவிப் பசையோடு செருகிவிடலாம். ரம்பத்தூளும் பசையும் குழைத்து அடைக்கும் பழக்கத்தைப் பட்டறை மேசையில் தவிர்ப்பது நல்லது. அது விசையைத் தாங்காது. ஒரு பருவம் மாறியதுமே பொடிந்து கொட்டிவிடும்.