நூற்றுப்பதினெட்டு ஆண்டு இரண்டாமிடம்

மதுவின் புகழ் பாட இக்கட்டுரை எழுந்ததன்று. கள்ளுக்கடையால் நம் தோட்டத்துக் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் நன்கறிவோம். ஆயினும் ஒரு மதுவின் வரலாற்றில் மனிதர் கற்கத்தக்க பாடம் இருக்குமாயின், அதனைக் கூறாது விடுதல் முறையாகாது.

பிரஞ்சு நாட்டின் தென்மேற்கே, போர்தோ நகருக்கு வடக்கில், ஜிரோந்து ஆற்றங்கரையில் போயாக் என்னும் சிற்றூர் உள்ளது. பரற்கல் நிறைந்த அம்மண்ணில் விளையும் கருந்திராட்சையைக் கொண்டு இனிப்பற்ற சிவப்பு ஒயின் செய்கின்றனர். பழத்தின் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்துச் சாராயமாகிவிடுவதால் தித்திப்பு நிற்பதில்லை. தோலின் துவர்ப்பே நாவில் நிற்கும். இவ்வூரில் ஒரு தோட்டத்தை 1853-ஆம் ஆண்டு ராத்சைல்டு குடும்பத்து நத்தானியல் விலைக்கு வாங்கினார். அதுவே இன்று மூட்டோன் ராத்சைல்டு எனப் பெயர் பெற்றது.

இரண்டே ஆண்டுகள் சென்றன. 1855-இல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் பாரிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்கென போர்தோ தரகர்கள் சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துப் பட்டியலிட்டனர். சுவைத்துப் பார்த்து இட்ட பட்டியலா அது? அன்று, சந்தையில் பல்லாண்டுகளாய் விற்ற விலையே அதற்கு அளவுகோல். நான்கு தோட்டங்கள் முதல் வகுப்பு எய்தின. மூட்டோனுக்கோ இரண்டாம் வகுப்பின் தலையிடமே கிட்டிற்று. ஒரு காலத்துச் சந்தை விலை அன்று முதல் குலப்பெருமையாய் உறைந்தது. நிலத்தின் எல்லை மாறினும், உடையவர் மாறினும், பட்டம் மட்டும் மாறாது நின்றது.

1922-இல் நத்தானியலின் கொள்ளுப்பேரர் பிலிப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது இருபது. அக்காலத்தே ஒயினைப் பீப்பாயில் வாங்கிச் செல்லும் வணிகரே அதனைப் புட்டியில் அடைப்பர். கலப்படத்துக்கு அது வழி திறந்தது. 1924 முதல் தம் விளைவு முழுதும் தோட்டத்திலேயே அடைக்கப்பட வேண்டும் என்று பிலிப் உறுதி செய்தார். தரத்துக்குத் தாமே பொறுப்பு என்பதே அதன் பொருள். அத்தகுதி கொண்டு முதல் வகுப்பும் கேட்டார், கிட்டவில்லை.

வகுப்புக்காக வாதாடியவரையே பின்னர்ப் பிறப்பு கொண்டு வகுத்தனர். 1940-இல் பிரஞ்சு நாடு ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. யூதக் குடும்பத்தவரான பிலிப்பின் குடியுரிமையை விஷி அரசு பறித்தது, தோட்டமும் பறிபோயிற்று. அவர் தப்பிச் சென்று தெகால் படையிற் சேர்ந்தார். அவர் மனைவி எலிசபெத் கைதாகி, 1945-இல் ராவன்ஸ்புருக் முகாமில் மாண்டார். பிறப்பால் மனிதரை வகுப்பது எங்கே கொண்டு விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

போருக்குப் பின்னும் வழக்காடினார் பிலிப். 1973-இல் உழவு அமைச்சராயிருந்த ழாக் சிராக் ஒப்பமிட்ட ஆணையால் மூட்டோன் முதல் வகுப்பாயிற்று. 118 ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்த அவ்வுயர்வு ஒன்றே. அதற்குப் பின் வேறெத் தோட்டமும் படி ஏறவில்லை. இரண்டாம் முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள ஏனையவை அன்றிட்ட படியிலேயே இன்றும் நிற்கின்றன.

பிலிப்பின் உழைப்பைப் பாராட்டுகின்றோம். எனினும் அவர் தமக்கொரு படி கேட்டாரேயன்றி, படிக்கட்டே தகுமோ என்று கேட்டாரில்லை. நம்மவரிலும் மேற்சாதியார் தம்மை இழிவு செய்தார் என்று குமுறுவோர் பலர். தமக்குக் கீழ் ஒருவரை நிறுத்தியது குறித்து வருந்துவோர் சிலரே. தோழர்களே, புட்டிக்கு இட்ட பட்டம் போனால் விலைதான் குறையும். மனிதனுக்கு இட்ட பட்டமோ மானத்தைக் கொல்லும். ஆகவே, நம் கோரிக்கை மேற்படிக்காக இருத்தல் வேண்டா; படியே ஒழிதற்காக இருத்தல் வேண்டும்.