பெதெஸ்டா முறை

கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்தவர், தாம் கண்டதை எந்தச் சொற்களில் மருத்துவருக்கு எழுதித் தர வேண்டும் என்பதை வரையறுக்கும் முறை. பாப் பரிசோதனை எனப்படும் இச்சோதனையின் அறிக்கைகளுக்காக அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெதெஸ்டாவில் 1988 டிசம்பரில் உருவானது. 1991, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இந்தியா உட்பட உலகின் பல நாடுகளில் ஆய்வகங்கள் இதைப் பின்பற்றுகின்றன.

பரிசோதனைக்குப் பெயர் தந்த ஜார்ஜ் பாப்பனிகொலாவ் கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். ஏறத்தாழ அதே காலத்தில் ருமேனியாவின் ஆரெல் பாபெஷும் இதையொத்த முறையைக் கண்டறிந்திருந்தார். ஆயினும் பாப்பனிகொலாவும் ஹெர்பர்ட் டிரவுட்டும் 1941இல் வெளியிட்ட கட்டுரையும் 1943இல் வெளியிட்ட நூலுமே இதை மருத்துவ உலகில் நிலைநிறுத்தின. முடிவுகளைச் சொல்லப் பாப்பனிகொலாவ் ஐந்து வகுப்புகளைத் தந்தார். முதல் வகுப்பென்றால் மாறுபட்ட செல் ஏதுமில்லை. ஐந்தாம் வகுப்பென்றால் புற்றுநோய் உறுதி. தொல்லை இடையில் இருந்த மூன்றில்தான். அழற்சியால் சற்றே உருமாறிய செல்லை ஓர் ஆய்வகம் இரண்டாம் வகுப்பில் வைக்கும், இன்னொன்று முதல் வகுப்பிலேயே விட்டுவிடும். ஆளுக்கொரு உட்பிரிவு சேர்த்துக்கொண்டதில், அறிக்கை எந்த ஆய்வகத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாத நிலை வந்தது.

இதற்கிடையே திசுவியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். 1950களில் ஜேம்ஸ் ரீகன், செல் வளர்ச்சி இயல்பு மாறுவதைக் குறிக்கும் ‘டிஸ்பிளேசியா’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அது லேசானது, மிதமானது, கடுமையானது எனப் பிரிந்தது. அதற்கும் மேலே, ஊடுருவாத புற்றுநோய் தனி நோயாக வைக்கப்பட்டது. கடுமையான டிஸ்பிளேசியாவுக்கும் அதற்கும் இடையிலான கோடு மிக மெல்லியது. ஆனால் கோட்டின் இந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்குக் கண்காணிப்பு, அந்தப் பக்கம் நின்றவளுக்குக் கருப்பை அகற்றம். 1960களின் பிற்பகுதியில் ரால்ஃப் ரிச்சர்ட் இரண்டும் ஒரே நோயின் தொடர்ச்சி என்று வாதிட்டு, அனைத்தையும் சி.ஐ.என். என்ற பெயரின் கீழ் 1, 2, 3 என்று அடுக்கினார். பழைய பெயர்கள் ஒழியவில்லை. 1980களில் செல்கள் பூசிய ஒரே கண்ணாடித் தகட்டைப் பற்றி வகுப்பு, டிஸ்பிளேசியா, சி.ஐ.என். என்னும் மூன்று மொழிகளிலும் எழுத முடிந்தது.

மாற்றத்துக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது ஒரு செய்தித்தாள். 1987இல் வால்ட் போக்டானிச் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழில் ஆய்வகங்களின் நிலையை அம்பலப்படுத்தினார். தகட்டுக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, தொழில்நுட்பர்கள் அளவுக்கு மீறிய தகடுகளைப் பார்த்துத் தள்ளினார்கள், புற்றுநோய்கள் தவறவிடப்பட்டன. அவருக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 1988இல் ஆய்வகச் சட்டத்தைத் திருத்தியது. பின்னர் வந்த விதிகள் ஒருவர் 24 மணி நேரத்தில் 100 தகடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாதெனத் தடுத்தன. அந்தச் சூழலில்தான் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பெதெஸ்டாவில் நிபுணர்களைக் கூட்டியது.

அக்கூட்டம் எண் வகுப்புகளைக் கைவிட்டது. அறிக்கை முதலில் மாதிரி பார்க்கத் தகுந்ததா என்று சொல்ல வேண்டும் என்றது. இதன் அருமை எளிதில் கண்ணில் படாது: செல்களே போதாத தகட்டைக்கூட ‘இயல்பு’ என்று எழுதி அனுப்பும் வழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. அடுத்து, தட்டைச் செல்களில் காணும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இரண்டே நிலைகளாக்கப்பட்டன. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பாப்பிலோமா வைரஸ் தொற்றின் அடையாளங்களும் சி.ஐ.என். 1-உம் எல்.எஸ்.ஐ.எல். என்ற தாழ்நிலையில் சேர்ந்தன, சி.ஐ.என். 2-உம் 3-உம் எச்.எஸ்.ஐ.எல். என்ற உயர்நிலையில். இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு: தாழ்நிலை மாற்றங்களில் பெரும்பாலானவை தாமாகவே மறையும். மேலும், ஒரே தகட்டைப் பார்க்கும் இருவர் மூன்று நான்கு படிகளில் ஒத்துப்போவதைவிட இரண்டில் எளிதாக ஒத்துப்போவார்கள். சி.ஐ.என். 2-ஐ உயர்நிலையில் சேர்த்ததால் சில பெண்களுக்குத் தேவையற்ற சிகிச்சை நேரும் என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. அது நியாயமற்ற கவலை அல்ல.

இரண்டிலும் அடங்காததற்கு ‘பொருள் தீர்மானிக்க முடியாத இயல்பு மாறிய தட்டைச் செல்கள்’ என்ற இடம் ஒதுக்கப்பட்டது. தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே எழுத அனுமதித்த இந்த வகைதான், என் பார்வையில், பெதெஸ்டாவின் மிக நேர்மையான பகுதி. அதிகத் தலைவலி தந்ததும் அதுவே. வழக்குக்கு அஞ்சிய ஆய்வகங்கள் ஐயமான எதையும் அதற்குள் தள்ளின. பெறும் மருத்துவருக்கோ அடுத்து என்ன செய்வதென்று விளங்கவில்லை. இதைத் தீர்க்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுமார் 5,000 பெண்களிடம் ‘ஆல்ட்ஸ்’ என்ற ஆய்வை நடத்தியது. ஐயத்துக்குரிய வகையில் பாப்பிலோமா வைரஸ் சோதனை ஆபத்துள்ளோரைப் பிரித்துக் காட்டியது. எல்.எஸ்.ஐ.எல். வகையில் பெரும்பாலோருக்குத் தொற்று இருந்ததால் அங்கே அது பயன்படவில்லை.

2001 கூட்டத்தில் 400க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ஐயவகை இரண்டாகப் பிரிந்தது. உயர்நிலை மாற்றத்தை மறுக்க முடியாத செல்களுக்கு ஏ.எஸ்.சி.-எச். என்ற தனிப்பெயர் வந்தது. திரவ முறையில் தயாராகும் மாதிரிக்குக் குறைந்தது 5,000 தட்டைச் செல்கள் என்ற அளவுகோல் பிறந்தது. அறிக்கையில் ‘நோயறிதல்’ என்றிருந்த இடத்தில் ‘விளக்கம்’ என்ற சொல் அமர்ந்தது. தகட்டைப் பார்த்தவரின் கருத்து மட்டுமே இது, நோயை உறுதிசெய்வது திசுச் சோதனை என்பது அதன் பொருள். 2014 திருத்தம் சிறியது. அறிக்கையில் கருப்பை உட்சவ்வுச் செல்களைக் குறிப்பிடும் வயது 40இலிருந்து 45ஆக உயர்ந்தது அதில் ஒன்று.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. பிரிட்டன் ‘டிஸ்கேரியோசிஸ்’ என்ற தன் சொல்லையே வைத்துக்கொண்டது. ஜெர்மனியின் மியூனிக் வகைப்பாட்டில் ரோமன் எண் வகுப்புகள் இன்றும் உண்டு. மறுபுறம், 2012இல் அமெரிக்க நோயியலாளர்கள் திசுச் சோதனை அறிக்கைக்கும் எல்.எஸ்.ஐ.எல்., எச்.எஸ்.ஐ.எல். சொற்களைப் பரிந்துரைத்தனர். தைராய்டு ஊசிச் சோதனைக்கும் பெதெஸ்டா பெயரிலேயே ஒரு முறை வந்தது.

நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 2017இல் பாப் பரிசோதனைக்குப் பதிலாக வைரஸ் சோதனையை முதற்படியாக்கின. அந்நாடுகளில் செல் பரிசோதனை இப்போது பெரும்பாலும் தொற்று உறுதியான பெண்களுக்கே செய்யப்படுகிறது.